‘கஷ்டம்’ என்பதற்கு நோர்வே மொழியில் என்ன சொல்?

(சங்கத்தின் நூற்றாண்டு விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல் என்றுதான் பேசுவார் என எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். இன்று சொற்களைப் பற்றிப் பேசப் போகிறோம். துன்பத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள், அவற்றுக்கு நோர்வே மொழியில் உள்ள பொருள், இரண்டுக்கும் நடுவில் நிற்கும் எங்கள் தமிழ்ச் சொற்கள். இது மொழி வகுப்புப் போலத் தோன்றலாம். ஆனால் இதுவும் வைத்தியம்தான்.

‘நாங்கள்’ என்று இங்கே சொல்வது மரியாதைப் பன்மை அல்ல. எங்கள் வகுப்பில் படித்தவர்களில் சிலர் இன்று கொழும்பில் வைத்தியர்களாக இருக்கிறோம். சிலர் ஒஸ்லோவிலும் பெர்கனிலும் முதியோர் இல்லங்களிலும் பாலர் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்கிறோம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வருடமாகச் சேர்த்த சொற்பட்டியல் ஒன்று இருக்கிறது. அதைத்தான் எல்லோர் சார்பிலும் உங்கள் முன் வைக்கிறோம். நோர்வேச் சொற்களின் ஒலி தமிழ் எழுத்துக்கு முழுதாக அடங்காது. அங்கிருந்து வந்திருக்கும் சகோதரிகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நோர்வே எங்களவர்களுக்குப் புதிய நாடு அல்ல. 1956 இல் அங்கு சென்ற குருநகர் அந்தோனி இராசேந்திரம் அவர்களைத்தான் அங்கு குடியேறிய முதல் ஈழத்தமிழர் என்று சொல்வார்கள். அவருடைய முயற்சியால் உருவான சீநோர் நிறுவனத்தின் படகுகளையும் வலைகளையும் காரைநகரிலும் குருநகரிலும் தெரியாதவர்கள் இல்லை. பிறகு அங்குள்ள மக்கள் உயர் பாடசாலைகளுக்கு மாணவர்களாகப் பலர் போனார்கள். 1983 க்குப் பிறகு போனவர்களில் எத்தனையோ பேர் வடகோடியான பின்மார்க் பகுதியின் மீன் தொழிற்சாலைகளில் நின்று மீன் வெட்டினார்கள். நவம்பர் கடைசி தொடக்கம் சனவரி மூன்றாம் வாரம் வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வராத ஊர்கள் அவை. இன்று அந்த நாட்டில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தமிழர் வாழ்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிறு வயதில் அங்கு போன கம்சாயினி குணரத்தினம் 2015 இல் ஒஸ்லோவின் துணை மேயராகவும் 2021 இல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார்.

எங்கள் வகுப்புக்குள் நோர்வே வந்தது வேறு வழியால். 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டில் எங்கள் வகுப்பில் புதிய முகங்கள் வந்து சேர்ந்தன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ் அறைகளில் ஒரு கட்டிலில் மூன்று பேர் படுத்து, விசாவுக்கும் ஏஜென்சிக்காரரின் அழைப்புக்கும் காத்திருந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். பொலிஸ் பதிவுத் துண்டைப் புத்தகப் பையிலேயே வைத்துக்கொண்டு பாடசாலைக்கு வந்தார்கள். ஒரு நாள் மேசை வெறுமையாக இருக்கும். ‘நோர்வேக்குப் போயிட்டா’ என்று பக்கத்தில் இருப்பவள் சொல்வாள். சில மாதம் கழித்துக் காலி வீதியில் ஒரு கொமினிகேஷனில் அவளுடைய அம்மா ரெலிபோனில் கதைத்துக்கொண்டிருப்பதைக் காண்போம். நிமிடத்துக்கு நிமிடம் காசு ஏறும். ‘நாங்கள் சுகம், நீ சுகமா இரு’ என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல நேரம் இராது. அந்த ரெலிபோனில் சொல்லாமல் விட்டவை பிறகு எங்கே போயின என்பதுதான் இந்தப் பேச்சின் அடிப்படைக் கேள்வி.

சாதாரண தர வகுப்பில் ஆங்கில மிஸ் ஒத்த கருத்துச் சொற்களைக் கரும்பலகையில் எழுதிப்போட, நாங்கள் பாடமாக்கினோம். ஹார்ட்ஷிப், அட்வேர்சிட்டி, டிஸ்ட்ரெஸ், மிசெரி, சொறோ. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ‘துன்பம்’ என்று எழுதினால் புள்ளி கிடைத்தது. பரீட்சைக்கு அது போதும். நோர்வேயில் மொழி வகுப்புக்குப் போன தோழிகளுக்குத்தான் அது போதாது என்று முதலில் விளங்கியது. ஏனென்றால் நோர்வே மொழியில் ‘எந்தத் துன்பம்?’ என்று கேட்டுத்தான் சொல்லைத் தருவார்கள்.

ஹார்ட்ஷிப்பை எடுத்துக்கொள்வோம். இதில் உள்ள ‘ஷிப்’புக்கும் கப்பலுக்கும் தொடர்பில்லை, ஃப்ரெண்ட்ஷிப்பில் வருகிற அதே விகுதி. நோர்வே மொழியில் அந்த விகுதி ‘ஸ்காப்’ என்று வரும். நட்பு என்பது ‘வென்ஸ்காப்’. ஆனால் ஹார்ட்ஷிப்புக்கு அப்படி ஒரே சொல் கிடைக்காது. வாழ்க்கை எதிர்த்து வந்தால் அது ‘மூட்காங்’. ‘மூட்’ என்றால் எதிர், ‘காங்’ என்றால் நடை. எல்லாம் கூடி வரும் காலத்துக்கு எதிர்ச்சொல்லாக ‘மேகாங்’ இருக்கிறது. முதுகு முறிய உழைக்கும் கஷ்டம் ‘ஸ்லீத்’. துணி தேய்ந்து கிழிவதற்குரிய வினையும் அதே சொல்தான். அதிலிருந்து வந்த ‘ஸ்லீத்தென்’ என்பது களைத்துப்போனவர், சொல்லப்போனால் தேய்ந்துபோனவர். இரவு வேலை முடித்துவரும் எங்கள் தோழி ‘ஸ்லீத்தென்’ என்றால் பக்கத்திலிருப்பவர் ‘எல்லோரும் ஸ்லீத்தென்தான்’ என்று சிரிப்பாராம். தினமும் எல்லோரும் பாவிப்பதால் அந்தச் சொல்லே தேய்ந்துவிட்டது.

இல்லாமையும் ஆபத்தும் சேர்ந்த கஷ்டம் ‘நோட்’. ஆங்கிலத்தின் ‘நீட்’ இதற்கு உறவு. அவசர வெளிவாசலின் பச்சை விளக்கிலும், பேரிடர் உதவியிலும், அவசர அழைப்பிலும் இந்தச் சொல்தான் முன்னால் நிற்கும். பிரசவ வேதனைக்கும் பழைய நோர்வே வழக்கில் இதே சொல் இருந்தது. இதற்கு நல்ல தமிழ் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது: ‘அந்தரம்’. ‘அந்தரம் ஆபத்துக்கு ஆர் இருக்கினம்?’ என்று எங்கள் அம்மம்மாமார் கேட்பது அதைத்தான்.

டிஸ்ட்ரெஸுக்கு வருவோம். லத்தீன் வேரில் இறுக்கிப் பிடித்தல் என்ற பொருள் இதற்கு உண்டு. நோர்வே மொழியில் ‘ட்ரெங்ஸெல்’ என்று ஒரு சொல் உண்டு. சனநெரிசலுக்கும் அதே சொல், பெருந்துன்பத்துக்கும் அதே சொல். பயப் பதற்றத்துக்குச் சொல்லும் ‘அங்ஸ்ட்’ என்பதன் வேரும் ஒடுக்கம்தான். நாங்கள் ‘நெருக்கடி’ என்கிறோம். திருக்குறளின் 63 ஆவது அதிகாரம் ‘இடுக்கண் அழியாமை’. அந்த இடுக்கணுக்குள்ளும் இடுக்கு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் எங்கள் முன் அமர்ந்து ‘நெஞ்சு இறுக்குது டொக்டர்’ என்கிறவர் இந்தப் பழைய சொற்களின் வரிசையில்தான் பேசுகிறார்.

மிசெரிக்கு அவர்கள் சொல்லும் சொற்களில் ஒன்று ‘எலெண்டி’. இன்று அதற்கு ‘படுமோசம்’ என்றுதான் பொருள். மழை எலெண்டி, பஸ் சேவை எலெண்டி. ஆனால் ஜெர்மன் மொழிக் குடும்பத்திலிருந்து வந்த அந்தச் சொல்லின் பழைய பொருள் ‘வேறு நாட்டில் இருப்பவர்’, ‘நாடு கடத்தப்பட்டவர்’. அந்நிய நிலத்தில் இருப்பதையே பரிதாபத்தின் பெயராக ஒரு மொழி வைத்திருந்தது. இதை எங்கள் குழுவில் ஒருத்தி எழுதிய அன்று, லொட்ஜிலிருந்து போன தோழிகள் ஒருவரும் நெடுநேரம் பதில் எழுதவில்லை.

சிரிக்க வைத்த சொல்லும் உண்டு. தமிழில் ‘பாவம்’ என்றால் செய்யக்கூடாததும்தான், இரங்கத்தக்கவரும்தான். ‘பாவம் அந்தப் பிள்ளை’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லப்போய் அகராதியைப் பார்த்து ‘சின்’ என்று எழுதினால் மிஸ் சிவப்புப் பேனாவை எடுப்பார். நோர்வே மொழியில் எழுதியிருந்தால் பிழைத்திருப்போம்! அங்கே ‘ஸுன்’ என்ற ஒரே சொல்லுக்குப் பாவச்செயல் என்றும், ‘ஐயோ பாவம்’ என்றும் இரண்டு பொருளும் உண்டு. இன்னும் கிட்டவே பாருங்கள். கொட்டாஞ்சேனைச் சந்தையில் சிங்களப் பெண்மணி ஒருவர் ‘அனே பவ்’ என்று இரங்கும்போது அந்தப் ‘பவ்’வுக்கும் அதே இரண்டு பொருள். மூன்று மொழி ஒரு பக்கம், எங்கள் ஆங்கிலப் பாடநூல் மறுபக்கம்.

சொறோவுக்கு ‘ஸொர்க்’ இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஒத்தே ஒலிக்கும். ஆனால் ஒருவரோ ஒன்றோ இல்லாத இடத்தின் வெறுமைக்கு ‘ஸவ்ன்’ என்று தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘ஐ மிஸ் யூ’ என்று வினையாகச் சொல்லலாம். அதைப் பெயர்ச்சொல்லாக்க முடியாமல் தடுமாறுவோம். தமிழில் இருக்கிறது. திருக்குறளில் அதற்கு ஓர் அதிகாரமே உண்டு: ‘பிரிவாற்றாமை’. வகுப்பில் அதைக் கணவன் மனைவி பிரிவாகத்தான் படித்தோம். இன்று வெள்ளவத்தையில் மாடிவீட்டில் தனியே இருக்கும் அம்மாவுக்கும், ஒஸ்லோவில் இருக்கும் அவருடைய மகளுக்கும் அந்தத் தலைப்புப் பொருந்துகிறது.

இனி, இதில் வைத்தியம் எங்கே வருகிறது என்பதைச் சொல்கிறோம். போன புதிதில் எங்கள் தோழிகள் மனதில் தமிழில் நினைத்து, பாடசாலையில் படித்த ஆங்கிலத்துக்கு மாற்றி, அதிலிருந்து நோர்வே மொழிக்கு மாற்றினார்கள். இரண்டு இடத்தில் பாத்திரம் மாற்றிய பாலைப் போல, இரண்டு முறையும் கொஞ்சம் சிந்தியது.

‘கஷ்டப்பட்டு வளர்த்த பிள்ளை’ என்கிறோம். அதில் பெருமை இருக்கிறது. தாய் பட்டினி கிடந்து பிள்ளையைப் படிப்பித்த கதை இருக்கிறது. அது ஆங்கிலத்தில் ‘டிஃபிகல்ட்’ ஆகி, நோர்வே மொழியில் ‘வன்ஸ்கெலி’ ஆனால், கேட்பவருக்குப் ‘பிள்ளை கஷ்டமான பிள்ளை, வளர்ப்பதில் பிரச்சினை’ என்று கேட்கும். ஆசிரியரோடு பேசப்போன தாய் பெருமையைச் சொல்ல, ஆசிரியர் கவலையோடு குறிப்பெழுதுவார்.

‘ஏலாது’ என்கிறோம். ‘உடம்பு ஏலாமல் கிடக்கு’ என்றால் நோய், பலவீனம், சோர்வு எல்லாம் அதற்குள் அடங்கும். அது ‘முடியாது’ என்று மட்டும் மொழிபெயர்க்கப்பட்டால் வேலைக்கு மனமில்லாதவர் பேச்சாகப் போய்விடும்.

‘வருத்தம்’ என்கிறோம். தமிழ்நாட்டில் அது மனத்துயரம். எங்களுக்கு அது காய்ச்சலும்தான், புற்றுநோயும்தான். வருத்தக்காரர் என்றால் நோயாளி. வருத்தம் பார்க்கப் போவது என்றால் நோயாளியைப் பார்க்கப் போவது. உடல் நோவையும் மன நோவையும் ஒரே சொல்லில் வைத்த மக்கள் நாங்கள். சிங்களத்தில் ‘அமாரு’ என்ற சொல்லும் அப்படித்தான், கடினமும் சுகவீனமும் சேர்ந்தது. இங்கே வாட்டில் ‘மொகத அமாருவ?’ என்று கேட்கும்போது, ‘என்ன வருத்தம்?’ என்ற எங்கள் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஆனால் நோயாளர் படிவத்தில் உடலுக்கு ஒரு பெட்டியும் மனத்துக்கு இன்னொரு பெட்டியும் இருக்கின்றன.

எல்லாவற்றிலும் ஆபத்தான சொல் ‘யோசனை’. மற்றவர்களுக்கு அது சிந்தனை, ஆலோசனை. எங்கள் வீடுகளில் ‘ஒரே யோசனையா இருக்கு’ என்றால் கவலை, நித்திரையின்மை, மனச்சோர்வு. எங்கள் தோழி ஒருத்தியின் தாயார், எழுபது கடந்தவர், கணவர் காலமான பிறகு மகளோடு இருக்க நோர்வேக்குப் போனார். மூன்று வாரமாக நித்திரை இல்லை. வைத்தியரிடம் போனபோது மகள் வேலையில். பன்னிரண்டு வயதுப் பேத்திதான் மொழிபெயர்த்தாள். ‘ஒரே யோசனை’ என்றார் அம்மம்மா. ‘அம்மம்மா நிறையச் சிந்திக்கிறா’ என்றாள் பிள்ளை. சொல்லுக்குச் சொல் சரி. வைத்தியர் மாலையில் தேநீர் குடிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த மாதம் மகள், தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ரெலிபோனில் வேண்டும் என்று கேட்டு நேரம் எடுத்தாள். அந்த முறை வைத்தியர் வேறு விதமாகக் கேட்டார். என்ன யோசனை? எந்த நேரத்தில் வரும்? அது வந்தால் எதைச் செய்ய ஏலாமல் போகிறது? அப்போது வெளியே வந்தது. பூட்டிக் கிடக்கும் வெள்ளவத்தை வீடு. கணவரின் ஆட்டத்திதிக்குப் போகமுடியாத குற்றவுணர்வு. விடிய எழும்பாமல் இருந்தால் நல்லது என்ற எண்ணம். பேத்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்த அம்மம்மா இதைச் சொல்வார்? அன்றே சிகிச்சை தொடங்கியது. இன்று அவர் நலம். இதை இங்கே சொல்ல அவரே சம்மதம் தந்தார்.

பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பாவிக்கக்கூடாது என்பதை நோர்வே சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. 2022 சனவரி 1 தொடக்கம் நடைமுறையில் உள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டப்படி, அரச சேவைகள் அவசரநிலை போன்ற சில வேளைகள் தவிரப் பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்ப்பிக்கக் கூடாது. இது தூரத்து நாட்டுக் கதை அல்ல. 1987 இல் வந்த 13 ஆவது திருத்தம் தமிழையும் இந்த நாட்டின் அரச கரும மொழி என்றது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு வாட்டில் தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கிறாரா என்பது வேறு கேள்வி. கொழும்பில் வேலை செய்யும் எங்களுக்கு, தாயின் கட்டில் அருகே பாடசாலைச் சீருடையோடு நின்று, தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாற்றும் பிள்ளைகளைத் தெரியும். தாயின் கருப்பை நோயை ஒரு மகன் எப்படி மொழிபெயர்ப்பான்? தகப்பனின் அடியை ஒரு மகள் எப்படி மொழிபெயர்ப்பாள்?

இதிலிருந்து நாங்கள் சொல்ல விரும்புவது ஒன்றுதான். துன்பச் சொல்லுக்கு அகராதி தரும் பொருளோடு நிற்காதீர்கள். அந்தச் சொல் அந்த ஆளிடம் என்ன செய்கிறது என்று கேளுங்கள். எங்கே, எப்போது, எதைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்ற மூன்று கேள்வி எந்த மொழியிலும் கேட்கலாம். சொல்பவரும் சொல்லோடு நிற்கவேண்டாம். ‘கஷ்டமா இருக்கு’ என்பதற்குப் பதிலாக, ‘மூன்று வாரமாக இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வருது, சமைக்க மனமில்லை’ என்று சொல்லுங்கள். அதை யாராலும் பிழையாக மொழிபெயர்க்க முடியாது.

வைத்தியர்களாக ஒரு எச்சரிக்கையும் சேர்க்கிறோம். ‘நெஞ்சு’ என்ற எங்கள் சொல் மார்பும்தான், மனமும்தான். நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது என்று ஒரு பெண் சொன்னால், ‘யோசனையாக்கும்’ என்று வீட்டிலேயே முடிவெடுக்காதீர்கள். முதலில் ஈசீஜி எடுக்க வேண்டும். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் மாரடைப்பு சில வேளை கடும் நெஞ்சுவலி இல்லாமல், மூச்சுத்திணறல், வியர்வை, சத்தி, காரணமில்லாத களைப்பு என்று வரும். அம்புலன்ஸுக்கு இலங்கையில் 1990, நோர்வேயில் 113. இருதயம் நலம் என்று தெரிந்த பிறகும் நெஞ்சு கனத்தால் அதுவும் நோய்தான், அதற்கும் சிகிச்சை உண்டு. இலங்கையில் மனநல உதவிக்கு 1926, நோர்வேயில் 116 123. இந்த இலக்கங்களைக் கைபேசியில் பதிந்துவிட்டு மண்டபத்தை விட்டுப் போங்கள்.

கடைசியாக ஒரு சொல். நோர்வேயில் முதியோர் இல்லங்களில் வேலை செய்யும் எங்கள் தோழிகளின் துறைக்கு ‘ஓம்ஸொர்க்’ என்று பெயர், பராமரிப்பு. ‘ஓம்’ என்றால் சுற்றி. ‘ஸொர்க்’ என்றால் முன்னே சொன்ன துயரம், கவலை. ஆங்கிலத்தின் ‘கெயார்’ என்ற சொல்லுக்கும் பழைய பொருள் துயரம், கவலைதான். தமிழ் அகராதியில் ‘பரிவு’ என்பதைப் பாருங்கள். அன்பு, இரக்கம் என்ற பொருள்களோடு துன்பம் என்ற பொருளும் அங்கே இருக்கும். ஒருவருடைய துயரத்தை இன்னொருவர் தன் கவலையாக எடுத்துக்கொள்வதற்கு மூன்று மொழியும் ஒரே வழியால் பெயர் வைத்திருக்கின்றன.

ஆகவே நூற்றாண்டு காணும் எங்கள் சங்கத்திடம் இரண்டு கோரிக்கைகள். எங்கள் சொற்பட்டியலை இன்னும் விரிவாக்கி, தமிழ், சிங்களம், ஆங்கிலம், நோர்வே என நான்கு மொழியில் சிறு கைந்நூலாக்க வேண்டும். கனடா, பிரான்ஸ், சுவிஸ், ஜெர்மனியில் உள்ள சகோதரிகள் உங்கள் ஊர்ச் சொற்களையும் எழுதி அனுப்புங்கள். இரண்டாவது, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தனியே வாழும் பழைய மாணவிகளுக்கும், வெளிநாட்டில் உள்ள மாணவிகளின் தாய்மாருக்கும் வாரம் ஒருமுறை ரெலிபோன் எடுக்கும் குழு ஒன்று வேண்டும். ‘சுகமா?’ என்று கேட்டு வைத்துவிடாமல், ‘நேற்றிரவு எத்தனை மணிக்கு நித்திரை கொண்டீங்கள் அன்ரி?’ என்று கேட்கும் குழு. இப்போது நிமிடத்துக்குக் காசு ஏறுவதில்லை, அவசரமில்லாமல் கேட்கலாம்.

பெயர் கொடுக்க விரும்புபவர்களுக்கு வாசல் மேசையில் கொப்பி ஒன்று வைத்திருக்கிறோம். எங்கள் வகுப்பில் கொழும்பில் இருக்கும் ஆறு பேரின் பெயர் ஏற்கெனவே அதில் இருக்கிறது.